கோச்சுக்குக் காப்புக் கட்டிய கதை

உயரமாக வளர்ந்துவிட்ட பெண்ணிடம் இந்த உலகம் எதிர்பார்ப்பது இரண்டே காரியங்கள்தான். பரணில் இருக்கிற சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது பின்வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இரண்டையும் நான் குறையில்லாமல் செய்து வந்தேன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பது, ஆங்கிலம் படிப்பிப்பதற்காக ஒரு மகளிர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் தெரிந்தது. (கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.)

அதிபர் என்னை உள்ளங்காலில் தொடங்கி உச்சந்தலை வரை பார்த்தார். உச்சந்தலைக்கு வரும்போது அவர் கதிரையில் சற்றுச் சாய வேண்டியிருந்தது.

"மிஸ், நீங்க கூடைப்பந்து வெளயாடியிருப்பீங்களே?"

"இல்ல சேர்."

"பரவால்ல. பாத்தா வெளயாடினவங்க மாதிரிதான் இருக்கீங்க. நம்ம பொண்ணுங்க டீமுக்கு நீங்களே கோச்சா இருந்துருங்க."

அப்படித்தான் நான் மகளிர் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஆனேன். விளையாடத் தெரியாத குறையை விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்து சரிக்கட்டினேன். எந்தத் தவறுக்கு எந்த விதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பந்தைக் கையில் கொடுத்தால் மட்டும், அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, பத்திரமாக அடுத்தவரிடம் கொடுத்துவிடுவேன்.

எங்கள் மைதானம் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. மலை நாட்டில் சமமான நிலம் கிடைப்பது, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில் முதல் பந்தியில் இடம் கிடைப்பது போலத்தான். எங்களுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்த இடம் கிடைத்திருந்தது. பரிசளிப்பு விழா வந்தால் ஓரமாகத் தள்ளி வைக்க வசதியாக, வளையம் மாட்டிய இரண்டு இரும்புப் போஸ்ட்டுகளுக்கும் சக்கரம் வைத்திருந்தார்கள். அந்தச் சக்கரங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோச்சாக வருவதற்கு முந்திய இரண்டு வருடமும் எங்கள் அணி ஆள் சேராமல் மைதானத்துக்கே போகவில்லை. மூன்றாவது முறையும் போகாவிட்டால் போட்டித் தொடரிலிருந்து பெயரை வெட்டிவிடுவார்கள். அதிபர் அப்போதுதான் புதுக் கார் ஒன்று வாங்கியிருந்தார். வெள்ளைக் கார். அதை அவர் மழையில் நிறுத்தும்போது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்டுவிட்டு வருகிற தாய் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

"மிஸ், இந்தத் தடவையும் மெச் நடக்கலன்னா, அந்த எடத்துல கூரை போட்டுக் கார் நிறுத்தப் போறோம். இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அணியில் ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்திக்குக் கலியாணம் ஆகிப் போய்விட்டது. இன்னொருத்திக்குப் பொன்னுக்கு வீங்கி, கன்னம் இரண்டும் பந்தாகி வீட்டில் கிடந்தாள். மிச்சம் சரியாக ஐந்து பேர். ஆட்டம் தொடங்க ஐந்து பேர் களத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த ஐந்தில் தர்சினியை மட்டும்தான் விளையாடத் தெரிந்தவள் என்று மனச்சாட்சிப்படி சொல்லலாம். பந்து அவள் கைக்குப் போய்விட்டால் எனக்குக் கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றும்.

சனிக்கிழமை கண்டியிலிருந்து ஒரு கல்லூரி அணி எங்கள் மைதானத்துக்கு வந்து விளையாடுவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் தர்சினி ஊரிலிருந்து போன் பண்ணினாள்.

"மிஸ், என்னால சனிக்கெழம வர ஏலாது. இன்னைக்கு அந்திக்குத் தோட்டத்துல காப்புக் கட்டுறாங்க. எனக்கு நேர்த்தி இருக்கு."

அம்மன் திருவிழா தொடங்கும் நாளில், நேர்த்திக்கடன் வைத்தவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கைக் கட்டிவிடுவார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தேயிலைத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பாடத்தைப் பரீட்சைக்குப் படித்தவளுக்குத் தெரிவது போலத்தான் தெரியும். அப்பா ஹட்டன் டவுனில் புடவைக் கடை வைத்திருந்தார். தோட்டத்தை நான் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்தவள். பஸ் ஜன்னலில் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும் என்கிற எண்ணம் டவுன்காரர்களுக்கு உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"கட்டிக்காத. நான் வந்து பேசுறேன்" என்று சொல்லி ரயில் ஏறினேன்.

றொசல்லயில் இறங்கி, தேயிலைக்கு நடுவே படிப் படியாகக் கீழே இறங்கினால் ஒரு ஆறு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சங்குமலைத் தோட்டம். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நேர்த்திக்காரர்கள் குளித்து முழுகி, ஈரத் தலையோடு வரிசையில் நின்றார்கள். நல்லவேளை, தர்சினிக்கு இன்னும் கட்டவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் நின்று, காதோடு காதாக வாதாடத் தொடங்கினேன்.

"அடுத்த வருசம் கட்டிக்கலாம்டி. ஒன்ன நம்பி அஞ்சு பேர் வாழ்க்க கெடக்கு."

"அம்மா வச்ச நேர்த்தி மிஸ். மாத்த ஏலாது."

"அம்மாக்கிட்ட நான் பேசுறேன். எங்க அவங்க?"

இப்படி நான் கழுத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, எனக்கு முன்னால் ஒரு தட்டு வந்து நின்றது. கோயிலில் தட்டு வந்தால் டவுன்காரி கை தானாக நீளும். திருநீறோ தீர்த்தமோ, தருவதை வாங்கிக்கொள்வோம். நான் பேச்சை நிறுத்தாமலே வலது கையை நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்கு எடது கைங்க" என்றார் தட்டோடு நின்றவர்.

தோட்டத்தில் இப்படி ஒரு பழக்கம் போலிருக்கிறது, நாம் மதிக்க வேண்டும் என்று நினைத்து, பெரிய மனசோடு இடது கையை நீட்டினேன். ஏதோ சுற்றினார்கள். இறுக்கினார்கள். சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குலவை போட்டார்கள். எனக்காகத்தான் என்று புரிந்து, சிரித்துக் கும்பிட்டேன்.

அதன் பிறகுதான் கையைப் பார்த்தேன்.

"மிஸ்... நீங்களும் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் தர்சினி. அடுத்ததாக அவள் கையிலும் கட்டினார்கள். நான் தடுக்கவில்லை. தடுக்கிற நிலையில் இல்லை.

தர்சினியின் அம்மா லெட்சுமி அக்கா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கொழுந்து பறித்துக் காய்த்துப் போன கை. கண்ணெல்லாம் தண்ணீர். "எங்க பிள்ளைக்காக மிஸ்ஸே காப்புக் கட்டிக்கிட்டாங்க! எந்தப் பிள்ளைக்கு இப்புடி ஒரு டீச்சர் கெடைக்கும்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பூசாரி மாரிமுத்து அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன். மற்ற நாட்களில் அவர் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவர். திருவிழாவுக்கு மட்டும் பூசாரி.

"அண்ணே, இத எப்ப அவுக்கலாம்?"

"அடுத்த வெள்ளிக்கெழம. தீச்சட்டி எடுத்து முடிஞ்ச பொறகு."

"நடுவுல பாலத்தத் தாண்டினா?"

"போன வருசம் ஒருத்தன் காப்போட ஹட்டனுக்குப் போனான்."

"என்னாச்சு அவருக்கு?"

"அவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் மாமியாருக்குக் காலு ஒடிஞ்சிருச்சு."

எனக்கு அப்போது மாமியார் கிடையாது. அம்மன் யாரைப் பிடிப்பாள் என்று யோசித்தேன். அம்மாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. அதுவும் போக, லெட்சுமி அக்கா, "போறதுன்னா போங்க மிஸ், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். நான் பாலத்தைத் தாண்டினால், பிள்ளையை இனிமேல் பந்தைத் தொட விட மாட்டார்கள்.

ஆக, ஆட்டக்காரியை மீட்கப் போன கோச்சும் சேர்ந்து மாட்டிக்கொண்டாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒன்றான லெட்சுமி அக்கா வீட்டில் தங்கினேன். இருந்த ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்தார்கள். என் கால் அதற்கு வெளியே போய், அடுத்த அறை வாசலைத் தொட்டது. காப்புக்காரர்கள் விடியற்காலையில், மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குளிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் மலை உச்சியிலிருக்கிற பட்டிப்பொலவிலிருந்து ஐஸ்கட்டியாகப் புறப்பட்டு இங்கே வந்து உருகுகிறது என்று நினைக்கிறேன். முதல் சொம்பை ஊற்றியபோது, நான் வாழ்க்கையில் கற்ற ஆங்கிலம் முழுக்க மறந்துபோனது.

குளித்து நடுங்கிக்கொண்டு வந்தவளிடம், "மிஸ், அந்த அடுப்பக் கொஞ்சம் பத்த வைங்க, தேத்தண்ணி போடுறேன்" என்று தீப்பெட்டியை நீட்டினார் லெட்சுமி அக்கா.

நான் இரண்டு அடி பின்னால் போனேன். எனக்கு நெருப்பென்றால் பயம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கார்த்திகை விளக்கைக்கூடத் தம்பியை ஏற்றச் சொல்லிவிட்டுத் தூரத்தில் நின்று கும்பிடுகிறவள்.

"எதுக்கு மிஸ் பின்னால போறீங்க? தீப்பெட்டி என்னா கடிக்குமா?" என்று அக்கா சிரித்தார். ஒருவழியாகக் குச்சியை உரசி, அது பற்றிக்கொண்டதும் கத்திக் கீழே போட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் என்ன நடந்தது என்று பார்க்க வந்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தேத்தண்ணீர் கையில் வந்தது.

புதன்கிழமை காலை தேத்தண்ணீரோடு வாசலில் நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். லயத்துக்கு மேலே பெரட்டுக் களம். காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம். அகலமாக, கெட்டியாக, எங்கள் கல்லூரி மைதானத்தைவிடச் சமமாக இருந்தது. நான் மனப்பாடம் செய்த பாடம் ஓடி வந்தது. ஆட்டத்தை நடத்துகிற அணி தன் மைதானம் எது என்பதைத் தானே தீர்மானிக்கலாம்.

ஆளை அங்கே கொண்டு போக முடியாவிட்டால் ஆட்டத்தை இங்கே கொண்டு வரலாமே! அந்த நிமிடத்தில் என்னைப் போன்ற புத்திசாலி இந்த மலையில் இல்லை என்று நினைத்தேன். போனை எடுத்தேன்.

"சேர், நம்ம போஸ்ட்டுக்குச் சக்கரம் இருக்குதானே?"

எதற்கு என்று கேட்டார். விசயத்தைச் சொன்னேன்.

"போஸ்ட்ட அங்கருந்து கழட்டிக் கொண்டு போகப் போறீங்களா?" என்று கேட்டவரின் குரலில் திடீரென்று ஒரு வெளிச்சம். "தாராளமா மிஸ்! இப்பவே ஆள் விட்டுக் கழட்டச் சொல்றேன்!"

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. மெச் நடக்காவிட்டால் இந்தப் போஸ்ட்டுகள் திரும்பிப் போக இடம் இருக்காது. அவருடைய வேலையை நானே பாதி செய்து கொடுத்திருக்கிறேன்.

கண்டிக்குப் போன் பண்ணி இடம் மாறியதைச் சொன்னேன். தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர், கொழுந்து லொறியைத் தந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த லொறி இரண்டு போஸ்ட்டையும் நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என் மற்ற நாலு பிள்ளைகளும் தேர் இழுக்கிற மாதிரி நின்றார்கள். வழியெல்லாம் கும்பிட்டவர்கள் உண்டாம். களத்தில் கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. லெட்சுமி அக்காவும் நாலு பெண்களும் கோலமாவை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் விதிப்புத்தகத்தைப் பார்த்து அளவு சொல்ல, அவர்கள் குனிந்து ஒரே இழுவையில் வளைவுகளைப் போட்டார்கள். நடு வட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று அதற்குள் ஒரு தாமரையும் போட்டுவிட்டார்கள். என் ஆட்டக்காரிகள் அன்று பயிற்சி எடுத்தபோது ஒருத்திகூட அந்தத் தாமரையை மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

சனிக்கிழமை வந்தது. கண்டி அணி தங்கள் பஸ்ஸில், ஒரே நிறப் பையும் ஒரே நிறச் சப்பாத்துமாக வந்து இறங்கியது. பெரட்டுக் களத்தைச் சுற்றி மூன்று லயத்துச் சனமும் நின்றது. தப்புக்காரர்களும் வந்துவிட்டார்கள். அதிபர் இன்னும் வரவில்லை. அவருடைய கார் கடைசி வளைவில் சேற்றில் சிக்கிவிட்டதாகச் செய்தி மட்டும் வந்தது.

நடுவராகக் கண்டியிலிருந்து விஜேசிங்க சேர் வந்திருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் விசில் அடிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என் ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி நகம் பார்த்தார், காது பார்த்தார், தர்சினியின் கையைத் தூக்கினார்.

"மே மொகத? இது என்ன?"

"காப்பு சேர். கோயில் காப்பு."

"கிழங்கு இருக்கு. கல் மாதிரி. யாருடைய கண்ணில் பட்டால்? கழட்டுங்க."

ஆட்டக்காரர் கையில் கெட்டியான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. அந்த விதியை நான் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். யாரும் எழுப்பவில்லை. காப்புக்காக ரயில் ஏறி, காப்புக் கட்டிக்கொண்டு, காப்புக்காக மைதானத்தையே லொறியில் ஏற்றி வந்தவளுக்கு, அந்தக் காப்போடு விளையாட முடியாது என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை.

"துணி சுத்தி மறைச்சுக்கிறோம் சேர்" என்று கெஞ்சினேன்.

"மறைத்தால் கிழங்கு போகுமா? உள்ளே இருக்குதானே." பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார். "கோச் கட்டலாம். பிரச்சினை இல்லை. விளையாடுகிற ஆள் கட்ட ஏலாது."

அதாவது, இத்தனை ஏற்பாட்டாலும் பயனடைந்த ஒரே ஆள் நான்தான்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐந்து பேர் நிற்காவிட்டால், ஆட்டமில்லாமலே கண்டி அணிக்கு வெற்றி. அந்த நேரம் பார்த்து அதிபர் முழங்கால்வரை சேறோடு மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே போஸ்ட்டுகளைப் பார்த்தார். கூரைத் தகடு எத்தனை தேவைப்படும் என்று கணக்குப் போடுகிற பார்வை. தர்சினி அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. பிள்ளைகள் மழையிலும் பனியிலும் அந்தச் சரிந்த மைதானத்தில் ஓடியதெல்லாம் என் கண் முன்னால் வந்தது. அவர்களுக்கு அதைவிட்டால் விளையாட வேறு இடமே இல்லை.

மாரிமுத்து அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாங்க பிரச்சினை? காப்பு கையில இருக்கக் கூடாதா? அதுக்கென்னா. அந்த நேர்த்திய வேற யாராவது ஏத்துக்கிட்டா காப்ப மாத்திக் கட்டிறலாமே. ஏற்கெனவே காப்புக் கட்டுன ஆளா இருந்தாப் போதும். லெட்சுமிக்குப் பால்குடம் இருக்கு, அவளால ஏலாது. வேற யாரு..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் கையை நீட்டிவிட்டேன். இந்தத் தடவை சரியாக இடது கை.

அவர் அம்மனுக்கு முன்னால் தர்சினியைக் கூட்டிப் போய்க் காப்பை அவிழ்த்து, என் கையில் இரண்டாவதாகக் கட்டினார். மறுபடியும் குலவை. மறுபடியும் நான் சிரித்துக் கும்பிட்டேன். விஜேசிங்க சேர் இதையெல்லாம் கவனமாகப் பார்த்துவிட்டு மாரிமுத்து அண்ணனிடம் கேட்டார்:

"ஐயா, இதைச் செவ்வாய்க்கிழமையே செய்திருக்கலாம்தானே? பிள்ளை அவங்க காலேஜுக்கே போயிருக்கும்."

"செஞ்சிருக்கலாம்" என்றார் மாரிமுத்து அண்ணன். "யாரு கேட்டாங்க?"

நான் அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி களத்தைப் பார்த்தேன். நடுவர் தாமரைக் கோலத்தின் நடுவில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டார். தர்சினி எழும்பினாள். பந்து இன்னும் மேலேயே இருக்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. பக்கத்தில் நின்ற லெட்சுமி அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அக்கா, தர்சினிக்கு என்னா நேர்த்தி?"

"தீச்சட்டிங்க மிஸ். மூணு வருசத்துக்கு."

அதற்குப் பிறகு நடந்த ஆட்டத்தைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். தெரிந்த அளவு சொல்கிறேன். யார் வளையத்தில் போட்டாலும் தப்புக்காரர்கள் அடித்தார்கள். எந்த அணி என்று பார்க்கவில்லை. பந்து உள்ளே போனால் சந்தோசம்தானே என்பது அவர்கள் கட்சி. விசில் சத்தம் தப்புச் சத்தத்தில் அமுங்கி, நடுவர் கடைசியில் கையைக் காட்டிக் காட்டியே நடத்தினார். இடைவேளைக்குப் பிறகு மூடுபனி இறங்கி, அந்தப் பக்க வளையம் மறைந்துவிட்டது. பனிக்குள்ளிருந்து தப்பு அடித்தால், யாரோ போட்டிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டோம். தர்சினி புலி மாதிரி ஆடினாள். மற்ற நாலு பேரும் அவளைப் பார்த்துக் கைதட்டாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். பெரிய தோல்விதான். ஆனால் கடைசி விசில்வரை ஐந்து பேரும் நின்றார்கள். மெச் நடந்தது. நடுவர் கையெழுத்துப் போட்டார்.

யார் ஜெயித்தது என்பதில் தோட்டத்துச் சனத்துக்குக் கடைசிவரை தெளிவில்லை. இரண்டு அணிக்கும் மாலை போட்டு, ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். கண்டிப் பிள்ளைகள் தாமரைக் கோலத்தோடு போட்டோ எடுத்தார்கள். பிறகு இரண்டு அணியும் சேர்ந்து அதிபரின் காரைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டன. சேறு தெறித்து வெள்ளைக் கார் சாம்பல் நிறமானது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேலே, பெரட்டுக் களத்தில் நின்ற போஸ்ட்டுகளைப் பார்த்தார்.

"என் கார் ஏறாத எடத்துக்கு ஒங்க போஸ்ட் ஏறிருக்கு மிஸ்" என்றார். "திருப்பிக் கொண்டு வந்து பழைய எடத்துலயே வைங்க. காரு மழையில நனைஞ்சா நனையட்டும்."

எனக்கு அப்படி ஒரு சந்தோசம். குதித்திருப்பேன். ஆனால் கையில் இரண்டு காப்பு கனத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை வைத்த என் இரண்டு கையிலும் மாரிமுத்து அண்ணன் தீச்சட்டியைத் தூக்கி வைத்தார். தீப்பெட்டிக்குப் பின்வாங்கியவள் கையில் ஒரு சட்டி நெருப்பு. நான் அம்மனைக் கூப்பிட்டேன், அம்மாவைக் கூப்பிட்டேன், விதிப்புத்தகத்தைக்கூடக் கூப்பிட்டேன். ஐந்து பிள்ளைகளும் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். பாதி வழியில் காற்று திரும்பி, சுவாலை என் முகத்துக்கு நேரே எழும்பியது. அந்த நேரத்தில் வாயில் என்ன வரும்? நான் தினமும் கத்துவதுதான் வந்தது.

"தர்சினி! பாஸ்! பாஸ்!"

பழக்க தோசத்தில் அவளும் சடாரென்று முன்னால் ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். பிறகு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"பாஸ் பண்ண ஏலாது மிஸ்! காப்பு ஒங்க கையிலதான் இருக்கு!"

சாமி ஊர்வலத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்தத் தோட்டம் அதற்கு முன்னால் கேட்டதில்லையாம். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே நடந்ததில் கோயில் வந்துவிட்டது. கையில் ஒரு கொப்புளமும் இல்லை. இடது புருவத்தில் பாதி மட்டும் போயிருந்தது. அது வளர்ந்து வரும்வரை பென்சிலால் வரைந்துகொண்டு வகுப்புக்குப் போனேன்.

மூன்று வருடமும் எடுத்தேன். மூன்றாவது வருடம் அடுப்பை நானே பற்ற வைத்தேன் என்பதை லெட்சுமி அக்கா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் சொல்வார். தர்சினி இப்போது திம்புள்ளப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. உயரமான பிள்ளை எவளைப் பார்த்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறாள். போஸ்ட்டுகள் அதே இடத்தில், அதே சரிவில் நிற்கின்றன. நான் இன்றும் பந்தை இரண்டு கையாலும்தான் வாங்குகிறேன். ஆனாலும் என் பிள்ளைகள் ஜெயிக்கத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. வேறு வேலை எனக்குப் பிடித்திருக்காது என்று நிச்சயமாகத் தெரியும்.

கடைசிக் காப்பை அவிழ்த்த வருடமே எனக்குக் கலியாணம் நடந்தது. மணவறையில் ஐயர் மஞ்சள் நூலை எடுத்து, "கையை நீட்டும்மா" என்றார். கலியாணத்திலும் காப்புக் கட்டுவார்கள் என்பது எனக்கு அதுவரை உறைக்கவேயில்லை. சட்டென்று கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, மொதல்ல சொல்லுங்க. இது என்னா நேர்த்தி? எத்தன வருசம்?"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஐயர் நிதானமாக, "ஆயுசுக்கும்மா" என்றார். பின்வரிசையிலிருந்து, என் பழைய ஆட்டக்காரிகள் ஐந்து பேருக்கும் நடுவில், தர்சினியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"பாத்துக்குங்க மிஸ்! இதயும் பாஸ் பண்ண ஏலாது!"

எங்கள் வீட்டில் இன்றுவரை எந்தச் சண்டையும் இந்தக் காப்புக் கதையைத் தாண்டிப் போனதில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும். "ஒங்கள யாரு கேக்காம கைய நீட்டச் சொன்னது?" என்பார் வீட்டுக்காரர். மகளும் அவரோடு சேர்ந்துகொண்டு குலவை போடுவாள்.

நானும் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். "மணவறையில அந்த ஒரு தடவ மட்டும் கேட்டுட்டுத்தாங்க நீட்டினேன்."